தாய்ப்பன்றியின் தீனியும் குட்டிகளின் உயிரும்

பன்றி ஈனுவதை அருகில் நின்று பார்த்தவர்கள், பிறந்த கணத்திலேயே அதன் குட்டி காட்டும் சுறுசுறுப்பைக் கண்டு வியக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். மேனியெல்லாம் ஈரமும் சவ்வும் ஒட்டியிருக்க, தொப்புள்கொடி பின்னால் இழுபட, கண் திறந்த நிலையிலேயே வெளியே வந்து விழும் அந்தச் சிறு பிராணி, ஓரிரு நிமிஷங்களுக்குள் தள்ளாடி எழுந்து, தாயின் பின்னங்காலைச் சுற்றிக்கொண்டு, வயிற்றோரமாக மூக்கை உரசியபடியே நகர்ந்து, எதிர்ப்பட்ட காம்பையெல்லாம் முட்டிப் பார்த்து, கடைசியில் ஏதேனும் ஒன்றைக் கவ்விக்கொண்டுவிடுகிறது. மனிதக் குழந்தைக்கு மாதக்கணக்கில் கைகூடாத காரியங்களை அரை மணி நேரத்தில் செய்து முடிக்கும் இந்த ஜீவன் எளிதில் பிழைத்துக்கொள்ளும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் பன்றி வளர்ப்போரின் அனுபவமோ அதற்கு நேர்மாறானது. பால்குடி மறப்பதற்குள் இறந்துபோகும் குட்டிகளில் பெரும்பாலானவை பிறந்து மூன்று நாட்கள் ஆவதற்குள்ளேயே இறக்கின்றன.

"தாய் மேலே படுத்து நசுங்கிச் செத்தது" என்பதுதான் இவற்றுள் பலவற்றுக்குப் பண்ணைப் பதிவேட்டில் எழுதப்படும் காரணம். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. தெம்புள்ள குட்டி, தாய் படுக்கச் சாயும்போதே விலகி ஓடிவிடுகிறது. குளிரில் விறைத்து, பால் குடிக்கத் திராணியில்லாமல், வெதுவெதுப்பை நாடித் தாயின் விலாவை ஒட்டியே கிடந்த குட்டிதான் நசுங்கிப்போகிறது. குளிர், பட்டினி, நசுக்கம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கைப்பிடித்துக்கொண்டு வருபவை. அவற்றுள் கடைசியாக வந்ததை மட்டும் நாம் கண்ணால் காண்கிறோம்.

நம்முடைய உஷ்ணப் பிரதேசத்தில் குளிர் ஏது என்று வாசகர் கேட்கலாம். பிறந்த பன்றிக்குட்டிக்கு ஏறக்குறைய 34 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் சுற்றிலும் இருந்தால்தான், தன் சரீரச் சூட்டைக் காத்துக்கொள்ளக் கூடுதலாகச் சக்தியைச் செலவிடாமல் அது இருக்க முடியும். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரியும் அதற்குக் குளிர்தான்; ஆகவே நாம் புழுங்கித் தவிக்கும் சென்னையின் நள்ளிரவுகூட, ஈரம் உலராத அந்தக் குட்டிக்கு நடுக்கத்தைத் தருவதாகவே இருக்கிறது. மனிதக் குழந்தை முதலான பல சிசுக்கள், உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும் ஒருவகைப் பழுப்புக் கொழுப்போடு பிறக்கின்றன; பன்றியினமோ, அந்தக் கொழுப்பை இயக்கும் மரபணுவைச் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டது என்று 2006-இல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் கண்டு வெளியிட்டார்கள். சாதாரணக் கொழுப்பும் அதன் உடலில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குக்கு மேல் கிடையாது. ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கும் கொஞ்ச மாவுச்சத்தே அதன் கைமுதல். குளிரும் பட்டினியும் சேர்ந்தால் அது ஒரு நாளைக்குக்கூடத் தாங்காது.

அந்தக் கைமுதல் எங்கிருந்து வந்தது? தாய் தின்ற தீனியிலிருந்து வந்தது. சினைப்பட்ட நாளிலிருந்து ஈனுவது வரையிலான 114 அல்லது 115 நாட்களில் தாயின் தொட்டியில் என்ன விழுந்தது, என்ன விழாமற்போனது என்பதைக் குட்டியின் முதல் நாள் அப்படியே வெளிக்காட்டிவிடுகிறது. ஆனால் தாய்க்குக் கொடுப்பதெல்லாம் குட்டிக்குப் போய்ச் சேரும் என்று எண்ணிவிடுவது பெரும் பிழை. சில சத்துக்கள் கருப்பை வழியாகச் செல்கின்றன. சில, கருப்பையில் தடுக்கப்பட்டுச் சீம்பால் வழியாகவே செல்கின்றன. இன்னும் சில எந்த வழியாகவும் வேண்டிய அளவுக்குச் செல்வதில்லை. எந்தச் சத்து எந்த வழியே செல்லும் என்று அறிந்து தீனி கொடுப்பதே இந்த விஷயத்தின் சாரம் என்பது என் அபிப்பிராயம். அதை அறியாமல் செலவிடும் பணமெல்லாம் வீண்தான்.

கருப்பையின் வழி எவ்வளவு முக்கியமானது என்பதை உலகம் உணர்ந்துகொண்டதே பன்றிகளால்தான் என்று சொல்லலாம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து விவசாயப் பரிசோதனை நிலையத்தில் பிரெட் ஹேல் என்ற விஞ்ஞானி, வைட்டமின் ஏ அறவே இல்லாத தீனியை ஓர் இளம் பெண்பன்றிக்குச் சினைக்கு விடுவதற்கு முன்பிருந்தே கொடுத்துவந்து, சினையின் தொடக்க நாட்களிலும் அதையே தொடர்ந்தார். அந்தப் பன்றி 11 குட்டிகளை ஈன்றது. பதினொன்றில் ஒன்றுக்குக்கூடக் கண்விழி இல்லை. 1933-இல் ஹேல் இதை வெளியிட்டபோது, பிறவிக் குறைகள் யாவும் பரம்பரையாக வருபவையே என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்த காலம். அவர் அந்த விழியற்ற குட்டிகளையே வளர்த்து, அவற்றுக்கு நல்ல தீனி கொடுத்து, அவற்றையே இனவிருத்திக்கும் பயன்படுத்திப் பார்த்தார். பிறந்த குட்டிகள் கண்ணோடு பிறந்தன. ஆகவே குறை இரத்தத்தில் இல்லை, தொட்டியில்தான் இருந்தது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. தாயின் ஆகாரக் குறையால் கருவிலேயே அங்கஹீனம் உண்டாகும் என்பதை நிரூபித்த முன்னோடிப் பரிசோதனைகளுள் ஒன்றாக வைத்திய நூல்கள் இன்றும் இதனைப் போற்றுகின்றன.

அதற்கும் முன்னதாக, அதே நாட்டின் வடமேற்கிலுள்ள மொன்டானா மாகாணத்தில் பன்றி வளர்ப்போரைக் கலங்கச் செய்த ஒரு துன்பம் இருந்தது. காலம் கடந்து ஈனும் பன்றிகளின் குட்டிகள், பார்வைக்குப் பருத்திருந்தும் உடம்பில் ஒரு மயிரும் இன்றி, தோல் தடித்து, கழுத்து வீங்கி, செத்தே பிறந்தன அல்லது பிறந்த சில மணி நேரத்தில் செத்தன. கடலுக்கு வெகு தொலைவிலுள்ள அந்தப் பிரதேசத்தின் மண்ணிலும் நீரிலும் அயோடின் இல்லாமையே காரணம் என்பது 1917, 1918-ஆம் ஆண்டுகளில் மொன்டானாவிலும் விஸ்கான்ஸினிலும் நடந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. சினைப்பன்றிகளின் தீனியில் சிறிதளவு பொட்டாசியம் அயோடைடு உப்பைக் கலந்ததும் மயிரோடும் உயிரோடும் குட்டிகள் பிறந்தன. ஒரு சிட்டிகை உப்பு இத்தனை உயிர்களைக் காத்த வரலாறு நெஞ்சைத் தொடுவதாகும். தாது உப்புக் கலவையை வீண் செலவென்று ஒதுக்குகிறவர்களிடம் இதை நான் மறுபடியும் மறுபடியும் சொல்ல விரும்புகிறேன்.

இனி, இரும்புச் சத்தின் கதை இதற்கு முற்றிலும் மாறானது. குட்டி பிறக்கும்போது அதன் உடலிலுள்ள இரும்பு சுமார் 50 மில்லிகிராம். விரைந்து வளரும் அதற்கு நாளொன்றுக்கு வேண்டியது 7 மில்லிகிராமுக்குக் குறையாது. தாய்ப்பாலிலிருந்து கிடைப்பதோ ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். இந்தக் கணக்கில், கையிருப்பு இரண்டு வாரம் தாங்குவதே அரிது. 1920-களில் ஸ்காட்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள், கொட்டிலில் அடைத்து வளர்க்கப்படும் பால்குடிக் குட்டிகள் வெளிறி, மூச்சிரைத்து இறப்பதன் காரணம் இந்த இரும்புக் குறைவே என்று காட்டினார்கள். மண்ணைக் கிளறித் திரிந்த காலத்தில் குட்டிகள் தங்களுக்கு வேண்டிய இரும்பை மண்ணிலிருந்தே பெற்றன. சிமெண்டுத் தரையில் நாம் அவற்றை ஏற்றியபோது அந்த வழியை அடைத்துவிட்டோம். அப்படியானால் தாய்க்கே இரும்பை அள்ளிக் கொடுத்தால் என்ன என்று தோன்றுவது இயற்கை. கொடுத்துப் பார்த்தார்கள், நச்சுக்கொடியும் சரி, பால் சுரக்கும் மடியும் சரி, அதைக் குட்டிக்குப் போதிய அளவில் கடத்துவதில்லை. ஆகையால் 1950-களிலிருந்து மூன்றாம் நாள் வாக்கில் குட்டிக்கு நேரே 200 மில்லிகிராம் இரும்பை ஊசி மூலம் செலுத்துவது வழக்கமாயிற்று.

ஆனால் இங்கேயும் தாயின் தீனி குறுக்கே வந்து நிற்பது ஆச்சரியம். வைட்டமின் ஈ குறைந்த தீனி தின்ற தாயின் குட்டிகளுக்கு அந்த இரும்பு ஊசியே விஷமாகி, போட்ட சில மணி நேரத்தில் குட்டிகள் இறந்துபோன நிகழ்ச்சிகள் பண்ணைகளில் உண்டு. இரும்பு உடலில் கிளப்பும் எரிப்பை அடக்குவதற்கு வைட்டமின் ஈ-யும் அதன் துணையாகிய செலினியமும் வேண்டும். செலினியம் கருப்பையிலேயே குட்டியைச் சேர்கிறது. வைட்டமின் ஈ-யோ அங்கே மிகச் சொற்பமாகவே சேர்ந்து, பெரும்பங்கு சீம்பாலில்தான் வருகிறது. பல மாதங்கள் இருப்பில் கிடந்து சிக்கலடித்துப்போன தவிட்டில் வைட்டமின் ஈ அழிந்திருக்கும் என்பதைக் கவனித்தால், ஊசி மருந்தின்மீது சுமத்தப்படும் பழி பல வேளைகளில் தவிட்டு மூட்டையின்மீது சுமத்தப்பட வேண்டியது என்பது விளங்கும்.

சீம்பாலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மனிதத் தாயின் நச்சுக்கொடி, நோயெதிர்ப்புப் பொருள்களைக் கர்ப்பத்திலேயே குழந்தைக்குக் கொடுத்தனுப்பிவிடுகிறது. பன்றியிலோ தாயின் இரத்தத்துக்கும் கருவின் இரத்தத்துக்கும் இடையில் ஆறு அடுக்குத் திசுக்கள் மதிலாக நிற்பதால், அந்தப் பெரிய மூலக்கூறுகள் கடந்து செல்வதே இல்லை. ஆகவே பன்றிக்குட்டி எந்த நோயையும் எதிர்க்கும் ஆயுதமின்றி, கிருமிகள் நிறைந்த கொட்டிலில் வந்து விழுகிறது. அதன் ஆயுதம் முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. அந்தச் சீம்பாலும் ஏறக்குறைய ஒரு நாள்தான் சுரக்கிறது. அதிலுள்ள எதிர்ப்புப் பொருளின் அடர்த்தி மணிக்கு மணி குறைந்துகொண்டே போகிறது. அதை முழுசாக உள்ளே வாங்கிக்கொள்ளும் குட்டியின் குடலோ, பிறந்து ஒன்று அல்லது ஒன்றரை நாளுக்குள் தன் கதவை மூடிவிடுகிறது. ஒரு குட்டிக்குச் சுமார் 250 கிராம் சீம்பால் கிடைத்தால் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்புண்டு என்று பிரான்ஸ் முதலிய நாடுகளின் ஆராய்ச்சிகள் கணக்கிட்டிருக்கின்றன. அது வெறும் மருந்தன்று. முதல் நாளின் சூட்டுக்கு வேண்டிய விறகும் அதுவே.

குட்டிகள் எத்தனை முட்டி உறிஞ்சினாலும் சீம்பாலின் மொத்த அளவு பெரிதாகக் கூடுவதில்லை. ஈனுவதற்கு முன்பே தாயின் மடியில் உருவாகிவிட்டதைப் பொறுத்தே அது அமைகிறது. பதினான்கு குட்டிகள் பிறந்தாலும் பத்துப் பிறந்தாலும் அதே சீம்பாலைத்தான் பங்கிட்டாக வேண்டும். இங்கேதான் டென்மார்க் தேசத்தின் அனுபவம் நமக்குப் பாடமாகிறது. அங்கே தேர்ந்தெடுத்த இனவிருத்தியால் ஓர் ஈற்றுக்குப் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போய், தாயின் காம்புகளின் எண்ணிக்கையையும் தாண்டச் செய்துவிட்டார்கள். கருப்பையின் இடமும் இரத்தமும் அத்தனை கருக்களுக்கும் போதாமற்போகவே, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள நோஞ்சான் குட்டிகள் மிகுந்தன. பிறந்தவற்றை எண்ணுவதை விட்டு, ஐந்தாம் நாள் உயிரோடிருப்பவற்றை எண்ணியே இனவிருத்திக்குத் தேர்ந்தெடுப்பது என்று 2004-இல் அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். நல்ல மாறுதல்தான். ஆயினும் ஒரு தாயால் தாங்கக்கூடியதற்கு மேல் அவளிடம் கேட்டுவிட்டு, பிறகு தீனியால் அதைச் சரிக்கட்ட முயல்வது முறையான வழியா என்ற கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை.

எப்படியிருந்தாலும், அந்தப் பெருங்குடும்பத் தாய்களைக் காக்கும் அவசியத்தால் பிறந்த ஆராய்ச்சிகள் எல்லோருக்கும் பயன்படுவனவாக இருக்கின்றன. ஈனும் நாளில் பன்றிக்குத் தீனி போடாமல் நிறுத்திவைப்பது பல இடங்களில் பழைய வழக்கம். வயிறு காலியாயிருந்தால் பிரசவம் சுலபமாகும் என்று எண்ணினார்கள். ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வோ இதற்கு மாறாக இருந்தது. கடைசியாகத் தீனி தின்று மூன்று மணி நேரத்துக்குள் ஈனத் தொடங்கிய பன்றிகள் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் ஈன்று முடித்தன. ஆறு மணி நேரத்துக்கும் மேலாகப் பட்டினியாயிருந்தவற்றுக்கோ பிரசவம் நீண்டது, மனிதக் கை தேவைப்பட்டது, செத்துப் பிறந்த குட்டிகளும் மிகுந்தன. ஒரு டஜனுக்கு மேற்பட்ட குட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளி வெளியேற்றுவது கருப்பைத் தசைக்குக் கடும் உழைப்பு. அதற்கு இரத்தத்தில் சர்க்கரை வேண்டும். பிரசவம் நீள நீள, கடைசியில் வரும் குட்டிகளின் தொப்புள்கொடி நசுங்கியோ அறுந்தோ மூச்சு முட்டிப்போகிறது. ஆகவே நாள் நெருங்கும்போது தீனியை நாளுக்கு மூன்று வேளையாகப் பிரித்துச் சிறிது சிறிதாகக் கொடுப்பது, ஒரு காசு செலவில்லாமல் செய்யக்கூடிய உயிர்காப்பாகும்.

நார்ச்சத்தும் இந்த வேளையில் பெருந்துணை செய்கிறது. பெருங்குடலில் மெல்லப் புளித்துச் சக்தியாக மாறும் நார், தீனி செரித்து முடிந்த பின்னரும் மணிக்கணக்கில் தாய்க்குப் பலம் கொடுத்துக்கொண்டிருக்கிறது, மலச்சிக்கலையும் தடுக்கிறது. மலம் இறுகிப்போன பன்றிக்குப் பிரசவம் கஷ்டமாவதோடு, காய்ச்சலும் மடிவீக்கமும் கண்டு பால் வற்றிப்போவதும் உண்டு. கோதுமைத் தவிடும், கொஞ்சம் பசுந்தழையும், தடையில்லாத தண்ணீரும் இதற்குப் போதும். பாலூட்டும் பன்றி ஒரு நாளில் 20 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும் என்பதை நம் பண்ணைகளில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் தீனி குறையும், தீனி குறைந்தால் பால் குறையும்.

கருவின் எடையில் பெரும்பகுதி சினையின் கடைசி மாதத்தில்தான் ஏறுகிறது. மடியின் சுரப்பிகளும் அப்போதுதான் விரைந்து வளர்கின்றன. அதனால் அந்த மாதத்தில் தீனியை அள்ளிப் போட்டால் குட்டிகள் பருத்துப் பிறக்கும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. பெரிய பண்ணைகளில் சோதித்துப் பார்த்ததில், அப்படி அதிகப்படுத்திய தீனியால் குட்டியின் எடை சுமார் 30 கிராம் அளவுக்கே கூடியது. வயது முதிர்ந்த தாய்களில் செத்துப் பிறப்பவையே சற்று அதிகமாயின. கொழுத்துப்போன தாய் ஈனும்போது சிரமப்படுகிறது. ஈன்ற பிறகு தீனியில் ஆசையின்றி, குட்டிகள் பாலுக்குக் கத்தும் வேளையில் தொட்டிப்பக்கமே போவதில்லை. அளவைக் கூட்டுவதைவிடத் தரத்தைக் கூட்டுவதே அந்த மாதத்தில் பலன் தரும்.

இந்தத் தரத்தைக் குறித்து நம் நாட்டுக்கு மிகப் பொருத்தமான ஒரு செய்தி உண்டு. தேங்காயெண்ணெயில் மிகுந்துள்ள நடுத்தர நீளக் கொழுப்புகள், மற்ற எண்ணெய்களைவிட எளிதில் எரிந்து சக்தியாகக் கூடியவை. சினையின் கடைசி வாரங்களில் இத்தகைய கொழுப்பைத் தாயின் தீனியில் சேர்த்தபோது, முக்கியமாக 900 கிராமுக்கும் குறைவான குட்டிகளில் தப்பிப் பிழைத்தவை கணிசமாக அதிகமாயின என்று 1993-இல் அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி காட்டியது. மீனெண்ணெயைச் சேர்த்தும் குட்டிச் சாவு குறைந்ததுண்டு. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சினைக்காலத்தில் சேர்த்ததால், உயிரோடு பிறந்தவை ஈற்றுக்கு இரண்டு வீதம் கூடின என்று 2007-இல் டெக்ஸாஸிலிருந்து வந்த செய்தி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பின்னர் வேறு இடங்களில் செய்த பரிசோதனைகள் அதே பலனை எப்போதும் தரவில்லை. விலையுயர்ந்த அத்தகைய பொருள்களைத் தேடிப் போவதற்கு முன், அடிப்படையான புரதமும் தாது உப்பும் வைட்டமின்களும் ஒழுங்காகக் கிடைக்கின்றனவா என்று பார்ப்பதே விவேகம்.

தமிழ்நாட்டில் வெண்பன்றி வளர்ப்போர் பலர், ஓட்டல்களிலும் விடுதிகளிலும் மிஞ்சும் சோறு, சாம்பார், காய்கறிக் கழிவுகளையே தீனியாக நம்பியிருக்கிறார்கள். கொழுக்க வைத்து விற்கும் பன்றிக்கு, நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுத்தால், அது ஓரளவுக்குப் போதலாம். சினைப்பன்றிக்கு அது மட்டும் போதவே போதாது. அதில் பெரும்பங்கு தண்ணீர்; வயிறு நிறைந்துவிடுகிறது, சத்து நிறைவதில்லை. சோற்றில் மாவு உண்டு. குட்டியின் தசைக்கு வேண்டிய லைசின் இல்லை, எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து இல்லை, ஹேல் கண்ட வைட்டமின் ஏ-யும் போதிய அளவில் இல்லை. கடைசி மாதத்திலாவது நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் அடர்தீவனமும், சோயாப்பிண்ணாக்கும், தாது உப்புக் கலவையும், ஒரு கட்டு அகத்திக்கீரையோ குதிரைமசாலோ சேர்த்துக் கொடுப்பவரின் கொட்டிலில் குட்டிகளின் நிலைமை வேறாக இருக்கும். கீரையின் பச்சையில் உள்ள கரோட்டின் தாயின் உடலில் வைட்டமின் ஏ-யாக மாறிக்கொள்கிறது.

இன்னொன்றையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மக்காச்சோளத்திலும் கடலைப்பிண்ணாக்கிலும் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, காயவைத்தாலும் போகாது. மலிவாகக் கிடைக்கிறதென்று கறுத்துப்போன சோளத்தைப் பன்றிக்குப் போடுகிறவர்கள் உண்டு. அதிலுள்ள ஒருவகை நஞ்சு பெண் சுரப்புநீர்போல் வேலை செய்து, தாயின் பிறப்புறுப்பை வீங்கவைத்து, பின்னங்கால்கள் அகன்று பரப்பிக்கொண்டு நிற்கமாட்டாத குட்டிகள் பிறக்கவும் காரணமாகிறது. கடலைப்பிண்ணாக்கிலுள்ள அஃப்ளடாக்ஸின் பாலிலும் இறங்கும். கெட்டுப்போன தீனியை யாருக்குப் போட்டாலும் சினைப்பன்றிக்குப் போடக்கூடாது.

ஈன்ற பின் தாய் ஏறக்குறைய மணிக்கொரு தரம் குட்டிகளைக் கூப்பிட்டுப் பாலூட்டுகிறது. பால் இறங்குவதோ ஒவ்வொரு முறையும் பத்து இருபது விநாடிகள்தான். இப்படி நாளொன்றுக்குப் பத்து லிட்டர் வரை பாலைக் கொட்டும் பிராணிக்கு, சினைக்காலத்தின் இரண்டு, இரண்டரை கிலோத் தீனி எந்த மூலைக்கு? தனக்கென்று இரண்டு கிலோ, ஒவ்வொரு குட்டிக்கும் அரைக் கிலோ என்று கணக்கிட்டு, ஈன்ற முதல் வாரத்தில் படிப்படியாக ஏற்றிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டாலும் நல்ல தாய் பாலை உடனே நிறுத்திவிடாது. தன் முதுகுக் கொழுப்பையும் பிறகு தன் தசையையுமே கரைத்துக் குட்டிகளுக்கு ஊட்டும். விலா எலும்பு தெரிய நிற்கும் தாயைச் சுற்றிக் கொழுகொழுவென்று குட்டிகள் விளையாடுவதைக் கண்டு மகிழ்கிறவர்கள், அடுத்த ஈற்றில் வரப்போவதை அறியமாட்டார்கள். அந்தத் தாயின் சூலகத்தில் அடுத்த சினைக்கான முட்டைகள் அந்த வாடிய நாட்களிலேயே முதிர்கின்றன. அவற்றிலிருந்து உருவாகும் குட்டிகள் எண்ணிக்கையில் குறைந்தும், ஒன்றுக்கொன்று எடையில் பெரிதும் வேறுபட்டும் பிறக்கின்றன. குட்டிகளைப் பிரித்த பின் மடி வற்றட்டும் என்று தாய்க்குத் தீனியையும் தண்ணீரையும் குறைக்கும் வழக்கத்தை ஆகையால் விட்டுவிட வேண்டும். பிரித்த நாளிலிருந்து மறுபடியும் பருவத்துக்கு வந்து கிடாவோடு சேரும்வரை, சாதாரணமாக நான்கு முதல் ஏழு நாட்கள், பாலூட்டும் காலத்துத் தீனியையே குறைக்காமல் கொடுத்துவர வேண்டும்.